மார்ஃபெல்ஸ் கோட்டையை விற்றவர்கள் யாரும் வெளியே போகவில்லை

மார்ஃபெல்ஸ் கோட்டை,
ராயின் கிராமத்துக்கு மேலே.
மாடுகள் மலையிறங்கிய மறுநாள்.

ரயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவரும், என் மரியாதைக்கும் அதைவிடச் சற்றுக் கூடுதலாக என் பயத்துக்கும் உரியவருமான பெரிய மச்சான் ஹார்ட்மான் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் வென்டெலின் பணிவுடன் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் புண்ணியத்தில் நான் இங்கே சுகம். அங்கே தங்கள் முழங்கால், அக்காவின் ரத்த அழுத்தம், கூண்டிலிருக்கும் கானரிப் பறவை, ஈஸ்டரிலிருந்து தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி ஒட்டிலியா ஆகிய அனைவரின் சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறேன். ஜெபிக்காவிட்டாலும் சகோதரி அப்போலோனியா விடியற்காலையில் மணியடித்து எழுப்பி ஜெபிக்க வைத்துவிடுகிறார். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ஒட்டிலியாவைத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அதை முந்தின கடிதங்களில் கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. இப்போது சொல்ல வந்தது வேறு. கோட்டையை விற்றுவிட்டேன். சனிக்கிழமை பஸ்ஸில் போல்சானோவுக்கு வருகிறேன். அவள் இங்கே வர வேண்டாம், நான்தான் அங்கே வருகிறேன். இதை நேரடியாகச் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். போகும்போது அவள் என்ன சொன்னாள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். "நீங்க ஒரு முடிவுக்கு வந்தா சொல்லியனுப்புங்க. அதுவரைக்கும் நான் அண்ணன் வீட்டுல இருக்கேன்." அந்த முடிவுக்கு வருவதற்கு நான் பட்ட பாட்டை ஒன்று விடாமல் எழுதுகிறேன். தாங்கள் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது, கொஞ்சம் உருக்கமான குரலில் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். ரயில் வரவு அறிவிக்கிற குரல் வேண்டாம்.

முதலில், இந்தக் கோட்டையைக் கட்டியவனே சரியில்லை, மச்சான். யாரோ ஒரு குதிரைவீரன், கணவாய் வழியாகப் போகிற வியாபாரிகளிடம் சுங்கம் பிடுங்கலாமென்று, தன் வாலிபம் முழுவதும் கல் சுமந்து கட்டினான். கட்டி முடித்துக் கொடியேற்றிவிட்டு எட்டிப் பார்த்தால் பாதை ஆற்றுக்கு அக்கரையில் போகிறது. அவன் மேலிருந்து சத்தம் போட்டு மிரட்டினானாம். வியாபாரிகள் அன்போடு கையசைத்துவிட்டுப் போனார்களாம். கடனுக்குப் பிஷப் எடுத்துக்கொண்டார். பிஷப்புக்கு மாடியேற மூச்சு வாங்கியது, அக்காள் மகனுக்குக் கொடுத்தார். அந்தப் பிள்ளை அதைச் சீட்டாட்டத்தில் சீமாட்டி அடெல்ஹைட்டின் மூதாதையரிடம் தோற்றான். "தோத்தவன் சிரிச்சுக்கிட்டே குதிரையேறிப் போயிட்டான். எங்க முப்பாட்டனார்தான் மூணு நாள் சாப்பிடலை" என்று சீமாட்டியே என்னிடம் சொன்னார். அதன்பின் பல தலைமுறை அந்தக் குடும்பம் இதிலேயே கிடந்து, கூரையைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓய்ந்து, கடைசியில் சண்டை முடிந்த வருஷம் சீமாட்டி விற்றார். அங்கேதான் பிடித்தது சனி.

நம் பண்ணை வீடுகளில் அப்பன் மகனுக்குப் பண்ணையைக் கொடுக்கும்போது தனக்கென்று ஓர் அறை, கணப்போரம் உட்கார ஓர் இடம், மதியம் சூப், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வண்டி என்று சாகும்வரை ஒதுக்கிக்கொள்வார் அல்லவா, அந்த ஒதுக்கத்தைத்தான் சொல்கிறேன். தங்கள் அப்பாவே தினம் ஒரு குவளை மாட்டுப்பால், அதுவும் நுரையோடு, என்று கறாராகக் கேட்டவர்தானே. பண்ணைக்கு அது சரி. பெற்ற பிள்ளைதான் வாங்குகிறான். ஆனால் சீமாட்டி, "மாடு மேய்க்கிறவனுக்கு உண்டுன்னா எனக்குக் கிடையாதா?" என்று கேட்டு, கோட்டையை முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்கும்போதே கீழ்க்கூடத்துக் கணப்போரப் பலகையையும், மதியச் சூப்பையும், கோயிலுக்கு வண்டியையும் தனக்கென்று வைத்துக்கொண்டார். வாங்கியவர் திரியெஸ்தே துறைமுகத்துக் காபி வியாபாரி புருமாட்டி. சீமான் ஆகவேண்டுமென்று ஆசைப்பட்டு வந்தவர். காபிக்கொட்டை போட்ட கேடயச் சின்னமெல்லாம் செய்து வாசலில் மாட்டினார். முதல் பனிக்காலத்தில் கோப்பையிலேயே காபி உறைந்துபோனதைப் பார்த்ததும் சீமான் ஆசை போய்விட்டது. விற்கும்போது, பக்கத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்த சீமாட்டியைப் பார்த்தார். "அந்தம்மாவுக்கு உண்டுன்னா எனக்கும் வேணும்" என்று, தான் செப்புக் கொதிகலன் வைத்துக் கட்டிய குளியலறையை ஒதுக்கிக்கொண்டார். காலையில் அவர் பாடி முடிக்கிறவரை வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. அவருக்குத் தெரிந்த பாட்டுகளோ நீளமான பாட்டுகள்.

அவரிடம் வாங்கியவர் ஹாம்பர்க் டாக்டர் நோல்ட்டே. மலைக்காற்றில் படுக்கவைத்து நெஞ்சு நோயைக் குணமாக்குவதாகச் சொல்லி, நோயாளிகளைக் கம்பளியில் சுருட்டித் தெற்கு மாடியில் வரிசையாகக் கிடத்தினார். வந்தவர்கள் நெஞ்சு நோயை இங்கே விட்டுவிட்டு ஜலதோஷத்தோடு போனார்கள் என்று கிராமத்தில் சொல்கிறார்கள். அவர் விற்கும்போது தெற்கு மாடியையும், மதியச் சாப்பாட்டுக்குப்பின் கோட்டை முழுவதும் யாரும் வாய் திறக்காத அமைதியையும் வைத்துக்கொண்டார். வாங்கியது கன்னியர் மடம். பெண்பிள்ளைகளுக்குப் பூத்தையல் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பனியில் மலையேறி எந்தப் பெண் பூத்தையல் படிக்க வரும்? அவர்கள் எனக்கு விற்றார்கள். விற்கும்போது மணிக்கயிற்றையும், அதை இழுக்க ஒரு சகோதரியையும் ஒதுக்கிக்கொண்டார்கள். அந்த ஒரு சகோதரிதான் அப்போலோனியா.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன் விசாரித்தாயா என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. மடத்துத் தாயார் சொல்லத்தான் சொன்னார். "சின்னச் சின்ன ஒதுக்கம் இருக்கு, தம்பி. கோட்டைன்னா இருக்கத்தானே செய்யும்" என்றார். நான் அந்த நேரத்தில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மெரானோ கடையில் பன்றித்தொடைக்குப் புகைபோட்டு வாழ்நாள் கழித்தவன் நான். அவ்வளவு உயரமான கோபுரத்தைப் பார்த்தால் எனக்கு என்ன தோன்றும்? எத்தனை தொடை தொங்கவிடலாம் என்று எண்ணிக்கொண்டே தலையை ஆட்டிவிட்டேன், கையையும் கொடுத்துவிட்டேன். கன்னியாஸ்திரீ கையில் கை கொடுத்துவிட்டு நம் ஊரில் எவன் பின்வாங்குவான்? கடையை விற்றேன், வீட்டை விற்றேன், தொடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம். முதல் நாள் ஒட்டிலியா இரண்டு பேருக்குச் சூப் வைத்தாள். மதியம் மணியடித்தது. படியில் காலடிச் சத்தம். நான்கு பேர், அவரவர் கரண்டியோடு, இறங்கி வந்து உட்கார்ந்தார்கள். சீமாட்டி பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்து, "இது யாருக்குப் பத்தும்?" என்று கேட்டார். அதுதான் எங்கள் முதல் சந்திப்பு. அன்று ஒட்டிலியா சிரித்தாள், மச்சான். அதிர்ச்சியில் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒதுக்கம் உள்ளவர்களுக்குப் படுக்க அறையும் குடிக்கச் சூப்பும் சேர்ந்தே உண்டாம், நல்ல அறைகள் நாலும் அப்படிப் போயின. நானும் தங்கள் தங்கையும், கோட்டையின் சொந்தக்காரர்கள், வாசல்காவலன் பரணில், ரொட்டி அடுப்புக்கு மேலே படுத்தோம். ரொட்டி சுடுகிற நாளில் வேகும், மற்ற நாளில் விறைக்கும். கோபுரத்தில் தொங்கவிட்ட தொடைகளோ, புகை கீழிறங்கிக் காற்று மேலேறி, வௌவால் வாசனையோடு வந்தன. வாங்கிப் போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதெல்லாம் போதாதென்று ஒட்டிலியாவையும் கெடுத்தார்கள். சூப் முடிந்ததும் அவளை உட்காரவைத்து வாட்டன் என்கிற சீட்டாட்டம் ஆடினார்கள். சீமாட்டியும் அவளும் ஒரு கட்சி, டாக்டரும் காபிக்காரரும் எதிர்க்கட்சி. சகோதரி அப்போலோனியா சீட்டு பாவமென்று தொடமாட்டார். பின்னால் நின்று எல்லோர் கையையும் பார்த்து இருமுவார். கூட்டாளிக்குக் கண்ணால், உதட்டால், தோளால் சைகை காட்டுவது அந்த ஆட்டத்தின் வழக்கம்தான், எனக்கும் தெரியும். இருந்தாலும், சாவி கேட்க வந்த ஒரு புருஷன், தன் மனைவி ஒரு காபி வியாபாரியைப் பார்த்துக் கண்ணடிப்பதைப் பார்த்தால் என்ன செய்வான்? "அவரை ஏமாத்தறதுக்கு அடிச்சேங்க" என்றாள். இனிமேல் இந்த வீட்டில் சீட்டு கிடையாது, இந்த நாலு பேரையும் கிளப்பிவிட்டுத்தான் மறுவேலை என்று மேசையைத் தட்டினேன். மறுநாள் அவள் பெட்டியோடு பஸ் ஏறினாள். பார்த்தீர்களா, இந்தப் பரண் வாழ்க்கையை அவளால் தாங்க முடியவில்லை.

சரி, நாலு பேரையும் கிளப்பினால் அவள் வருவாள் என்று வேலையில் இறங்கினேன். முதலில் சீமாட்டி. கீழ்க்கூடத்துக் கணப்புக்கு விறகு போடுவதை நிறுத்தினேன். சீமாட்டி கம்பளியைப் போர்த்துக்கொண்டு பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். கோயிலில் மட்டும் இரண்டு முறை தும்மியிருக்கிறார். அவ்வளவுதான். மறுநாள் காலை கிராமமே முதுகில் விறகுக் கட்டோடு மலையேறி வந்தது. மேயர் கொஸ்னர் முன்னால் வந்தார், மூச்சு வாங்க என் மூஞ்சிக்கு நேரே விரலை ஆட்டினார்.

"ஏன்யா, உனக்கு நல்ல புத்தியே கிடையாதா?"

"என் வீடு, என் விறகு, மேயர் ஐயா" என்றேன்.

"விறகு உன்னுது, கணப்போரம் அந்தம்மாவுது. இன்னைக்கு நீ சீமாட்டிக்கு அணைச்சேன்னு வை, நாளைக்கு என் மருமக எனக்கு அணைப்பா. அவ ஏற்கெனவே என் பலகையை ஒரு மாதிரியாப் பார்த்துக்கிட்டு இருக்கா."

கூட்டத்தில் வயசானவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மருமகள்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து ரொட்டிக்கடைக்காரி எனக்கு ரொட்டி விற்கவில்லை. சீமாட்டிக்கு விற்றாள், சீமாட்டி எனக்கு ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தார். "சாப்பிடுங்க கறிக்கடைக்காரரே, கோபத்துல உடம்பு இளைச்சுப் போச்சு" என்று வேறு சொன்னார். என் வயிறு எரிந்தது, ஆனால் ரொட்டி நன்றாக இருந்தது.

அன்றைக்கே ஒட்டிலியாவுக்கு எழுதினேன்: சீமாட்டியின் கணப்பை அணைத்துவிட்டேன், கிழவி குளிரில் நடுங்குகிறாள், சீக்கிரம் இடம் காலியாகும், வந்துவிடு என்று. பதில் இல்லை.

அடுத்து சூப்பில் கைவைத்தேன். ஒதுக்கத்தில் சூப் என்றுதானே இருக்கிறது, சூப்பில் என்ன இருக்கவேண்டும் என்று இல்லையே. வெந்நீரில் ஒரு வெங்காயத்தைக் காட்டிவிட்டு எடுத்தேன். டாக்டர் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், "அடடா, முப்பது வருஷமா நான் இதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்! ஒருத்தனாவது கேட்டானே!" என்று எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். எல்லோருக்கும் மூட்டுவலி குறைந்தது. காபிக்காரரின் குரல் திறந்துகொண்டு பாட்டு இன்னும் நீண்டது. எனக்குத்தான் பசியில் காது அடைத்தது. இதையும் ஒட்டிலியாவுக்கு எழுதினேன்: வெறும் வெந்நீர்தான் ஊற்றுகிறேன், பனிக்காலம் தாண்டமாட்டார்கள், தைரியமாக வா. பதில் இல்லை.

பலவந்தம் வேண்டாம், நல்ல வழியில் போவோம் என்று கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்தேன். சீமாட்டிக்கும் காபிக்காரருக்கும் முடித்துவைத்தால் இரண்டு அறை ஓர் அறையாகும். காபிக்காரரிடம், சீமாட்டி உங்கள் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறார் என்றேன். பொய்யில்லை, விடத்தான் செய்தார். மனிதர் உருகிப்போனார். நல்ல மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் பூவோடு, கணப்போரம் மண்டியிட்டார். டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்து நின்றுகொண்டார், சகோதரி ஜெபமாலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"சீமாட்டி, உங்க கையை எனக்குத் தரணும்" என்றார் காபிக்காரர்.

சீமாட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். "புருமாட்டி, கோட்டையை உங்ககிட்ட வித்தேனா இல்லையா?"

"வித்தீங்க."

"வித்த வீட்டை வாங்கினவனையே கட்டிக்கிட்டா, நான் வித்ததுக்கு என்னய்யா அர்த்தம்? எழுந்திருங்க, முட்டி பிடிச்சுக்கும்."

முட்டி ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டது. டாக்டரும் நானும் தூக்கிவிட்டோம். அதோடு சீமாட்டிக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. பலகையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இது என் பக்கம், இது உன் பக்கம் என்றார்கள். காபிக்காரருக்கு அந்தப் பலகையில் உரிமையே கிடையாது என்பதைக் கோபத்தில் சீமாட்டியும் மறந்துவிட்டார். ஆக ஒருவரைக் குறைக்கப் போய், கணப்போரத்தில் ஒருவர் கூடினார். கோபம் ஆறிய பிறகு இருவரும் சேர்ந்து என்னிடம் வந்து, வாட்டனுக்கு ஓர் ஆள் குறைகிறது, நீங்களாவது உட்காருங்கள் என்று கூப்பிட்டார்கள். அவ்வளவு தைரியம்! நான் உட்காரவில்லை. இதையும் எழுதினேன். இதற்கும் பதில் இல்லை. அன்றைக்குத்தான் மச்சான், பரணில் தனியாக உட்கார்ந்துகொண்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். இந்தக் கோட்டையில் ஆளாளுக்கு ஓர் இடமிருக்கிறது, எனக்கு மனைவி இல்லை. இது என்ன பிழைப்பு?

அப்போதுதான் தங்கள் கடிதம் வந்தது. பெயரை வெளியிட விரும்பாத ஒரு கௌரவமான குடும்பம் கோட்டையை வாங்கத் தயார், தரகரை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தங்களை என் வாழ்நாளில் முதல்முறையாகக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நேற்று கோடை மேய்ச்சல் முடிந்து மாடுகளெல்லாம் மாலை போட்டுக்கொண்டு மலையிறங்கி வந்த சந்தடியில், குடை வைத்திருந்த ஒல்லி மனிதர் ஒருவர் அவற்றின் நடுவே மாட்டிக்கொண்டு, மாடுகளோடு மாடாக முற்றத்துக்குள் வந்து சேர்ந்தார். அவர்தான் தரகர். நாலு பேரும் நாலு ஜன்னலில் வந்து நின்றார்கள். தரகர் சட்டையிலிருந்த சாணத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"விக்கிறவர் தனக்குன்னு என்ன வெச்சுக்கிறார்?"

"ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தார் போலும், கிட்ட வந்தார். "ஓர் அறை?"

"வேண்டாம்."

"சூப்பு?"

"அதுவும் வேண்டாம்."

"வருஷத்துக்கு ஒரு கூடை ஆப்பிள்? யாரும் இதைக்கூட விட்டுட்டுப் போனதில்லைங்க."

"ஆணிகூட வேண்டாம்யா. கையைக் கொடும்."

மேலே ஜன்னலிலிருந்து சீமாட்டி, "ஐயோ கறிக்கடைக்காரரே, அவசரப்படாதீங்க! ஒரு முக்காலியாவது கேட்டு வைங்க!" என்று கத்தினார். டாக்டர், மூச்சை இழுத்து விட்டுவிட்டு யோசிக்கும்படி சொன்னார். நான் யாரையும் பார்க்கவில்லை. கையைக் கொடுத்துவிட்டேன். குதிரைவீரன் காலத்திலிருந்து இந்தக் கோட்டையை விட்டுச் சுத்தமாகப் போகிறவன், அந்தச் சீட்டாடித் தோற்ற பையனுக்குப் பிறகு, நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆகவே சனிக்கிழமை வருகிறேன். போல்சானோவில் ஒரு சின்ன வீடு பார்த்து வைக்கவும். வாசல் ஒன்று போதும். முன்பு இருந்தவர்கள் வெளியே போய்விட்டார்களா என்பதைத் தாங்களே நேரில் போய், அலமாரியெல்லாம் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லவும். ஒட்டிலியாவிடம், நான் முடிவுக்கு வந்துவிட்டேன் என்றும், அவள் சொன்னபடியே செய்துவிட்டேன் என்றும், இனி நாம் இருவர் மட்டும்தான் என்றும் சொல்லவும். அக்காவுக்கு என் வணக்கம். கானரிக்கு என் அன்பு. தங்கள் முழங்காலைக் கன்னி மரியாள் தன் முந்தானையில் பொதிந்து காப்பாளாக. தாங்கள் நூறு வருஷம் இருந்து எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்றுவரை மார்ஃபெல்ஸ் கோட்டையின் சொந்தக்காரனும், நாளை முதல் சுதந்திர மனிதனுமான,
வென்டெலின்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் ஒட்டிலியாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அவள் இங்கே இருக்கிறாள்.

உறையை எச்சில் தொட்டு ஒட்டப்போகும் நேரத்தில் பால்வண்டி முற்றத்தில் வந்து நின்றது. மூன்று டிரங்குப் பெட்டி இறங்கியது, பிறகு அவள் இறங்கினாள். நான் பரணிலிருந்து ஓடிவந்து, "எதுக்கு வந்தே? நானே வர்றேன்னு எழுதிட்டிருக்கேனே! வாங்கினவங்க எப்ப வேணும்னாலும் வந்துடுவாங்க" என்றேன். "வந்தாச்சு" என்றாள். தங்கள் அம்மா அவளுக்குக் கொடுத்த திராட்சைத் தோட்டத்தை விற்று, தாங்களும் அந்தக் குடைக்காரரும் கூட்டுச் சேர்ந்து, என் கோட்டையை என்னிடமிருந்தே வாங்கியிருக்கிறீர்கள். கௌரவமான குடும்பமாம்! ரயில்வேயில் இத்தனை வருஷம் இருந்த மனிதர் இப்படிச் செய்யலாமா? போகட்டும்.

நான் எழுதிய கடிதங்களையெல்லாம் அவள் கைப்பையிலிருந்து எடுத்தாள். அந்த நாலு பேர் எதிரிலேயே, மச்சான். "ஏங்க, வயசான மனுஷியைக் குளிர்ல போட்டிருக்கேன், வான்னு எழுதினா எந்தப் பொம்பளை வருவா? வெந்நீர் ஊத்துறேன், வான்னா வருவாளா? நாளைக்கு எனக்கு வயசானா நீங்க எந்தக் கணப்பை அணைப்பீங்கன்னு நினைச்சு நினைச்சு நான் அங்க தூங்கலைங்க" என்றாள். அவளும் அழுதுவிட்டாள். அவள் பரணுக்குப் பயந்து போகவில்லையாம். இந்த வீட்டில் வந்த நாளிலிருந்து அவளோடு உட்கார்ந்து சிரித்துப் பேசியவர்கள் அவர்கள்தானாம். நான் தொடையை எண்ணினேன், பிறகு அவர்களை எண்ணினேன், அவளை எண்ணவே இல்லையாம். நான் அந்தக் கடிதங்களை ஒவ்வொன்றாக மடித்து அவள் கைப்பையிலேயே வைத்தேன். நீங்கள் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தரகர் கேட்டது இருக்கட்டும். வாங்கினவ கேக்கிறேன். உங்களுக்குன்னு என்ன வெச்சுக்கிறீங்க?" என்றாள். ஒன்றும் வேண்டாம் என்று கை கொடுத்தவன் நான். இந்தக் கோட்டையில் ஒரு முக்காலிக்குக்கூட உரிமையில்லாத ஒரே ஆள் நான்தான். எல்லோருக்கும் என்னைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. சீமாட்டி, தான் கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில் பலகையில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றார். காபிக்காரர் செவ்வாய்க்கிழமைக் குளியலை விட்டுக்கொடுத்தார். டாக்டர் அமைதி நேரத்தில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ள அனுமதித்தார். சகோதரி அப்போலோனியா, மணியை ஒருநாள் நீங்கள் அடியுங்கள், நான் கொஞ்சம் தூங்குகிறேன் என்றார். இந்த நாலு பேரையா நான் கிளப்பப் பார்த்தேன் என்று இருந்தது.

"சொல்லுங்க, என்ன வேணும்?" என்றாள் ஒட்டிலியா மறுபடியும்.

"உன் பக்கத்துல ஓர் இடம்" என்றேன்.

நாலு பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள், டாக்டர் உட்பட.

"அது ஒதுக்கத்துல வராதுங்க" என்றாள். "தினம் தினம் கேட்டு வாங்கிக்கணும்."

இன்றைக்குக் கேட்டுவிட்டேன். சூப்புக்கு அப்புறம் சொல்கிறேன் என்றிருக்கிறாள். கீழே சீட்டைக் கலைத்துப் போடுகிற சத்தம் கேட்கிறது. எதற்கும் சனிக்கிழமை பஸ்ஸில் எனக்கு ஓர் இடம் சொல்லி வைக்கவும். வராவிட்டால் தாங்கள் வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.